பக்கத்து நாட்டோடு வியாபாரம்: நம்ம குடும்பத்துக்கு என்ன வரும்?

(தோட்டச் சமூக மண்டபத்தில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழமையாக இந்தக் கூட்டத்தில் பிள்ளைகளின் போஷாக்கு, தண்ணீர், சேமிப்பு என்றுதான் பேசுவோம். இன்றைக்கு விஷயம் கொஞ்சம் வேறு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான வியாபாரம், முதலீடு, ஒப்பந்தம் இவற்றைப் பற்றிப் பேசப் போகிறேன். "அதெல்லாம் கொழும்பில இருக்கிற பெரிய ஆட்கள் விஷயம், நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைப்பீர்கள். ஆனால் கொழுந்து மடுவத்திலும் பஸ்ஸிலும் தேத்தண்ணிக் கடையிலும் இதே பேச்சுத்தான் அடிபடுகிறது.

அந்தப் பேச்சு இரண்டு விதமாக இருக்கிறது. ஒரு பக்கம், "இந்தியத் தேயிலை மலிவா வந்து இறங்கப் போகுது, நம்ம ஸ்டோரை இழுத்து மூடிருவாங்க" என்று பயம். இன்னொரு பக்கம், "இந்தியா பெரிய நாடு, நம்ம தேயிலை எல்லாத்தையும் அவங்களே வாங்கிக்குவாங்க, சம்பளம் தானா ஏறும்" என்று ஆசை. பயமும் சரியில்லை, ஆசையும் சரியில்லை. இந்த 25 வருடத்துக்கு மேலாக உண்மையில் நடந்தது என்ன என்று பார்த்தால் நாமே ஒரு முடிவுக்கு வரலாம்.

உதவி வேறு, கடன் வேறு, வியாபாரம் வேறு

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பக்கத்துக் காம்பராக்காரர் நம் வீட்டில் அடுப்பு எரியாத நாளில் ஒரு சுண்டு அரிசி கொடுத்தால் அது உதவி. திருப்பித் தா என்று சொல்லி ஆயிரம் ரூபா கொடுத்தால் அது கடன். நம் வீட்டு முட்டையை வாங்கிக்கொண்டு காசு கொடுத்தால் அது வியாபாரம். கொடுப்பது ஒரே ஆளாக இருந்தாலும் மூன்றும் ஒன்றல்ல.

இந்திய அரசு மலையகத்தில் முதலில் 4,000 வீடுகள் கட்டித் தர உடன்பட்டதும், 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்தபோது மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்ததும் உதவி. 2022 இல் தமிழ்நாட்டு அரசு கப்பலில் அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியதும் உதவி. அதை நாம் மறக்க மாட்டோம். அதே 2022 மார்ச் மாதம் உணவு, மருந்து போன்ற அத்தியாவசியப் பொருள் வாங்க 100 கோடி டொலர் கொடுத்தார்களே, அது கடன். வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். நாடு கட்டினாலும் அந்தக் கணக்கு கடைசியில் நம் தலையில்தான் வரியாக வந்து விழும்.

மூன்றாவதான வியாபாரத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. வியாபாரத்தில் நன்றி சொல்லவும் தேவையில்லை, கோபிக்கவும் தேவையில்லை. கணக்குப் பார்த்தால் போதும்.

நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கிறது

வீட்டுக்குப் போனதும் ஒரு தரம் சுற்றிப் பாருங்கள். சமையல்கட்டில் இருக்கும் பெரிய வெங்காயம், செத்தல் மிளகாய் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தது. டிஸ்பென்சரியில் கொடுக்கிற குளிசை, அதிகமாக இந்தியக் கம்பெனிகளில் செய்தது. றோட்டில் ஓடுகிற ஆட்டோவும் பல மோட்டார் சைக்கிளும் அங்கேயிருந்து வந்தவை. டவுனுக்குப் போகிற பஸ்ஸில் பாதிக்கு லேலண்ட் என்றுதானே பெயர் எழுதியிருக்கிறது?

இவை சாமானாக வந்தவை. முதலீடாக வந்ததும் இருக்கிறது. முதலீடு என்றால் அங்குள்ள கம்பெனி தன் பணத்தை இங்கே போட்டுத் தொழில் நடத்துவது. 2003 ஆம் ஆண்டு முதல் லங்கா ஐ.ஓ.சி. இங்கே பெற்றோல் நிலையங்கள் நடத்துகிறது. களனியில் சியெட் டயர் செய்கிறார்கள். ஹொரணையில் கண்ணாடிப் போத்தல் செய்கிறார்கள். கொழும்புத் துறைமுகத்தில் மேற்கு முனையத்தை இந்தியாவின் அதானி கம்பெனி 51 வீதப் பங்கோடும், ஜோன் கீல்ஸ், துறைமுக அதிகாரசபை ஆகியவை மிச்சப் பங்கோடும் சேர்ந்து கட்டி, 2025 ஏப்ரலில் வேலை தொடங்கியது.

பணம் ஒரு பக்கம் மட்டும் ஓடவில்லை. நம் நாட்டுப் பிரண்டிக்ஸ் ஆடைக் கம்பெனி இந்தியாவில் விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் 1,000 ஏக்கரில் ஓர் ஆடை நகரமே அமைத்திருக்கிறது. அங்கே வேலை செய்வோரில் பெரும்பாலானோர் பெண்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகள் கட்டுநாயக்காவுக்குப் போய் தைக்கிறார்கள். அவர்கள் தைக்கிற துணியில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்து வந்து, இங்கே தைக்கப்பட்டு, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. ஆகவே இந்த வியாபாரம் இனிமேல் வரப்போகிற ஒன்றல்ல, நம் மத்தியிலேயே இருக்கிற ஒன்று.

1998 ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28 இல் கைச்சாத்தானது. 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. "சுதந்திர" என்று பெயர் இருந்தாலும் எல்லாம் சுதந்திரமாகப் போய் வரும் என்று அர்த்தம் இல்லை.

ஒரு நாட்டுக்குள் வெளிநாட்டுச் சாமான் வரும்போது சுங்கத்தில் வரி போடுவார்கள். அந்த வரி கூடினால் சாமான் விலை கூடும், வாங்குகிறவர் குறைவார். ஒப்பந்தம் என்பது, "உன் சாமானுக்கு என் வரியைக் குறைக்கிறேன், என் சாமானுக்கு நீ குறை" என்று பேசிக்கொள்வது. எல்லாச் சாமானுக்கும் குறைக்க மாட்டார்கள். எந்தச் சாமான் வந்தால் தன் நாட்டு விவசாயிக்கும் தொழிலாளிக்கும் அடி விழுமோ, அதை ஒரு பட்டியலில் எழுதி ஒதுக்கி வைப்பார்கள். இலங்கை அப்படி 1,180 வகைப் பொருளை ஒதுக்கி வைத்தது. இந்தியா 429 வகையை ஒதுக்கி வைத்தது. நாம் சின்ன நாடு என்பதால் கூடுதலாக ஒதுக்க இடம் கொடுத்தார்கள்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. சலுகை வரியில் அனுப்ப வேண்டுமானால் அந்தச் சாமான் உண்மையிலேயே நம் நாட்டுச் சாமானாக இருக்க வேண்டும். வேறு நாட்டிலிருந்து கொண்டுவந்த மூலப்பொருளில் செய்தால், சாமானின் பெறுமதியில் குறைந்தது 35 வீதம் இங்கே சேர்ந்ததாக இருக்க வேண்டும். இந்த விதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

பலன் இருந்ததா? இருந்தது. 2000 ஆம் ஆண்டு நாம் இந்தியாவுக்கு அனுப்பியது ஏறத்தாழ ஐந்தரைக் கோடி டொலர் பெறுமதியான சாமான். 2005 இல் அது ஏறத்தாழ பத்து மடங்காக ஏறியது. அதே நேரம் அங்கிருந்து நாம் வாங்குவதும் ஏறியது. 2022 இல் பார்த்தால், நாம் விற்றதைப் போல் ஐந்து மடங்கு வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்தச் சாமானில் பெரும்பகுதி ஒப்பந்தச் சலுகை இல்லாமலேயே வருகிறது. நமக்குத் தேவை, பக்கத்தில் மலிவாகக் கிடைக்கிறது, வாங்குகிறோம். ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வெங்காயம் வரும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் நாம் அனுப்புவதுதான் அதிகமாகக் குறையும்.

தேயிலைக் கதை

இப்போது நமக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஒப்பந்தத்தில் தேயிலையும் உண்டு. வருடத்துக்கு 1 கோடி 50 இலட்சம் கிலோ இலங்கைத் தேயிலை சலுகை வரியில் இந்தியாவுக்குப் போகலாம் என்று அளவு வைத்தார்கள். தொடக்கத்தில் அதுவும் கொச்சி, கல்கத்தா என்ற இரண்டு துறைமுகங்கள் வழியாக மட்டுமே என்று கட்டுப்பாடு. பின்னால் அது தளர்ந்தது. ஏன் இத்தனை கட்டுப்பாடு? கேரளத்திலும் நீலகிரியிலும் இருந்த தேயிலைக்காரர்கள் எதிர்த்தார்கள். "இலங்கைத் தேயிலை வந்தா நம்ம கொழுந்துக்கு விலை போயிரும்" என்று அவர்கள் பயந்தார்கள்.

அங்கே பயந்தவர்கள் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று எழுதினார்கள். அப்படிக் கப்பலேறிப் போனவர்களில் நம் சொந்தக்காரர் எத்தனை பேர்! அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968 இல் தமிழ்நாட்டு அரசே நீலகிரியில் தேயிலை போட்டது. அதுதான் பிறகு டேன்டீ என்ற கம்பெனியானது. என் தாய்மாமன் குடும்பமும் தலைமன்னாரில் கப்பலேறிப் போய்க் கூடலூர்ப் பக்கத்தில்தான் கொழுந்து எடுத்தது. இன்றைக்கும் மாமன் மகள் வாட்ஸ்அப்பில் பேசும்போது, "அங்க கொழுந்து எப்படி, இங்க விலை இல்லை" என்பதுதான் முதல் பேச்சு. ஆக, இந்தப் பக்கம் இருக்கும் நாம், "இந்தியத் தேயிலை வந்து நம்மைக் கெடுக்கும்" என்று பயப்படுகிறோம். அந்தப் பக்கம் இருக்கும் நம் சொந்தமே, "இலங்கைத் தேயிலை வந்து எங்களைக் கெடுக்கும்" என்று பயந்தது. ஒரே கூடையைச் சுமக்கிற இரண்டு கூட்டம்.

சரி, அந்த 1 கோடி 50 இலட்சம் கிலோவை நாம் அனுப்பினோமா? இல்லை. ஒரு வருடமும் அந்த அளவு நிரம்பவில்லை. காரணம் லேசானது. இந்தியாவில் வருடத்துக்கு விளைவது ஏறத்தாழ 130 கோடி கிலோ. அதில் ஐந்தில் நான்கு பங்கை அவர்களே குடித்து விடுகிறார்கள். நமக்குக் கொடுத்த அளவு முழுவதும் போனாலும் அது நூற்றுக்கு ஒரு பங்குதான். அத்தோடு அங்கே பெரும்பாலானோர் குடிப்பது பாலும் சீனியும் போட்டுக் கொதிக்க வைக்கிற சி.ரி.சி. தூள். நாம் செய்வது பெரும்பாலும் சுருட்டிய இலைத் தேயிலை. அது விலையும் கூட, ருசியும் வேறு. பாலில் போட்டுக் கொதிக்க வைப்பவருக்கு நம் மேல்நாட்டுத் தேயிலையின் வாசம் எதற்கு?

நம் தேயிலையை வாங்குகிறவர்கள் ஈராக், ரஷ்யா, ஐக்கிய அரபு அமீரகம், துருக்கி, ஈரான் போன்ற நாடுகள். அங்கே சண்டை வந்தால், காசு மாற்றம் தடைப்பட்டால், கொழும்பு ஏலத்தில் விலை விழும். ஆகவே இந்திய ஒப்பந்தத்தால் தேயிலை விலை ஏறும் என்ற ஆசையை மெதுவாக இறக்கி வையுங்கள்.

பயத்தையும் இறக்கி வைக்கலாம். தேயிலைச் சபையின் அனுமதி இல்லாமல் யாரும் வெளிநாட்டுத் தேயிலையை இங்கே இறக்க முடியாது. பைக்கட்டில் சிங்க அடையாளம் போட வேண்டுமானால் உள்ளே இருப்பது முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலையாகவும், இலங்கையிலேயே பொதி செய்ததாகவும் இருக்க வேண்டும். "சிலோன் ரீ" என்ற பெயர்தான் நம் வேலி. அந்த வேலியை வெளியில் இருந்து ஒருவன் உடைப்பதை விட, உள்ளே இருந்து நாம் கெடுத்துக்கொள்வதற்குத்தான் நான் பயப்படுகிறேன். முற்றின இலையும் காம்பும் கூடையில் சேர்ந்தால், மடுவத்தில் மணிக்கணக்கில் கொழுந்து சூடேறிக் கிடந்தால், பெயர் கெடும். இதில் கொழுந்து எடுக்கிறவர் மேல் மட்டும் பழி போட முடியாது. மலையைச் சுத்தமாக வைப்பதும், உரம் போடுவதும், நேரத்துக்கு லொறி அனுப்புவதும் நிர்வாகத்தின் பொறுப்பு.

இரண்டு பாடங்கள்

ஒப்பந்தத்தில் நல்ல பாடமும் இருக்கிறது, கெட்ட பாடமும் இருக்கிறது.

கெட்ட பாடம் வனஸ்பதி. வனஸ்பதி என்றால் இனிப்பு, பலகாரம் செய்யப் பயன்படுகிற கட்டிக் கொழுப்பு. அதைச் செய்யப் பாம் எண்ணெய் வேண்டும். அந்தக் காலத்தில் பாம் எண்ணெய்க்கு இந்தியாவில் வரி அதிகம், இலங்கையில் வரி குறைவு. இதைப் பார்த்த இந்திய முதலீட்டாளர்கள் இங்கே வந்து தொழிற்சாலை போட்டார்கள். வெளிநாட்டு எண்ணெயை இங்கே இறக்கி, வனஸ்பதியாக்கி, ஒப்பந்தச் சலுகையில் வரியில்லாமல் இந்தியாவுக்கே அனுப்பினார்கள். செம்பும் அப்படியே. ஏற்றுமதிக் கணக்கு மளமளவென்று ஏறியது. அங்குள்ள வனஸ்பதிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். 2006 இல் வருடத்துக்கு 250,000 தொன் என்று இந்தியா அளவு வைத்தது. 2008 இல் இந்தியா தன் பாம் எண்ணெய் வரியையும் எடுத்து விட்டது. இங்கே செய்து அனுப்புவதில் இருந்த இலாபம் போனது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

அந்தத் தொழில் நம் மண்ணில் விளைந்ததும் இல்லை, நம் கைப்பழக்கத்தில் வளர்ந்ததும் இல்லை. இரண்டு நாட்டு வரிக்கு நடுவில் இருந்த இடைவெளியில் நின்றது. இடைவெளி அடைபட்டதும் விழுந்தது. இனி யாராவது ஓர் ஊரில் தொழிற்சாலை வருகிறது என்று சொன்னால், "எத்தனை பேருக்கு வேலை?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எதை வைத்துச் செய்யப் போறீங்க? வரிச் சலுகை முடிஞ்சா இருப்பீங்களா?" என்றும் கேளுங்கள். பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பும் முன் இதைக் கேட்க வேண்டும்.

நல்ல பாடம் மிளகு. மாத்தளை, கண்டி, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இது தெரியும். இலங்கை மிளகில் எண்ணெய்ச் சத்தும் காரமும் அதிகம். அதனால் மிளகுச் சாறு எடுக்கிற இந்தியத் தொழிற்சாலைகள் விரும்பி வாங்குகின்றன. நம் மிளகுக்குப் பெரிய சந்தையே இந்தியாதான். ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 2,500 தொன் வரியில்லாமல் போகலாம். மிளகு நம் மண்ணில் விளைகிறது. வீட்டு மூலையில் ஒரு மரத்தில் கொடி ஏற்றினாலும் காசு.

ஆனால் அதிலும் ஒரு அடி விழுந்தது. வேறு நாட்டு மிளகை இங்கே இறக்கி, இலங்கை மிளகு என்று பத்திரம் எடுத்து இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள் என்று அங்குள்ள மிளகு விவசாயிகள் முறைப்பாடு செய்தார்கள். முன்னே சொன்னேனே, நம் நாட்டுச் சாமானாக இருக்க வேண்டும் என்ற விதி, அது இங்கேதான் வருகிறது. 2017 டிசம்பரில் இந்தியா, கிலோ 500 இந்திய ரூபாவுக்குக் குறைந்த விலையில் மிளகு இறக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. குறுக்கு வழியில் போன சில வியாபாரிகளின் வேலைக்கு, ஒழுங்காகக் காய வைத்து விற்ற விவசாயியும் சேர்ந்து விலை கொடுத்தார்.

பக்கத்து நாட்டுச் சட்டம் நம் அடுப்பு வரைக்கும் வரும்

2023 டிசம்பர் 8 இல் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. அவர்கள் நாட்டில் விலை ஏறியதால் அவர்கள் மக்களைக் காக்கச் செய்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இங்கே கடையில் வெங்காய விலை எங்கே போய் நின்றது என்று தாய்மார்களுக்குத் தெரியும். அரைக் கிலோ வாங்கின கை நூறு கிராம் வாங்கியது. 2024 ஏப்ரலில் இலங்கைக்கு 10,000 தொன் என்று அனுமதி கொடுத்தார்கள். மே மாதம் தடையே நீங்கியது.

இதில் இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, பக்கத்து நாட்டோடு நல்ல உறவு இருந்தால் கஷ்ட காலத்தில் ஒரு கதவு திறக்கும். இரண்டாவது, ஒரே கடையை நம்பி இருந்தால் அந்தக் கடை பூட்டுகிற நாளில் நாம் பட்டினி. தம்புள்ளைப் பக்கத்தில் பெரிய வெங்காயம் போடுகிற விவசாயியும் நமக்கு வேண்டும். நுவரெலியா, வெலிமடையில் உருளைக்கிழங்கு போடுகிறவரும் வேண்டும். அதனால்தான் உள்ளூர் அறுவடை நேரத்தில் இறக்குமதிக் கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் அரசாங்கம் வரியைக் கூட்டுகிறது. "ஏன் விலை ஏறுது?" என்று நாம் கோபிக்கிற அதே நாளில், எங்கேயோ ஒரு மரக்கறித் தோட்டத்தில் நம் மாதிரி ஒரு குடும்பம் மூச்சு விடுகிறது.

இலாபம் தானாக லயத்து வாசலுக்கு வராது

இனி, என் மனதில் மிகவும் உறுத்துகிற விஷயத்தைச் சொல்கிறேன்.

2021 மார்ச்சில் நம் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அப்போது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அதாவது ஒரு பேருக்கு ஐந்து டொலர். 2022 மார்ச்சுக்குப் பிறகு ரூபா விழுந்தது. மே மாதம் ஒரு டொலர் 360 ரூபா அளவில் நின்றது. அதே 1,000 ரூபா மூன்று டொலர் கூட இல்லை. மாவும் பருப்பும் வெங்காயமும் குளிசையும் வெளிநாட்டிலிருந்து வருகிறது, டொலரில் வருகிறது. அதனால்தான் சம்பளம் குறையாமலேயே வீட்டுச் சட்டி காலியானது.

தேயிலையும் டொலரில்தான் விற்கிறது. ஆகவே 2022 இல் கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோவின் சராசரி விலை, ரூபாக் கணக்கில், முந்தைய வருடத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கானது. உண்மைதான், கம்பெனிக்கும் செலவு ஏறியது. 2021 உரத்தடையால் கொழுந்தும் குறைந்தது, டீசலும் கிடைக்கவில்லை. அந்த நியாயத்தை நான் மறைக்கவில்லை. ஆனாலும் விலை இரண்டு மடங்கானபோது பேர்ச் சம்பளம் அதே 1,000 இல் நின்றது. அது 1,350 ஆனது 2024 செப்டம்பரில்தான். மூன்றரை வருடம்.

இதை ஏன் வியாபாரக் கூட்டத்தில் சொல்கிறேன்? நாட்டுக்கு நாடு வியாபாரம் நடந்து, ஏற்றுமதி ஏறி, டொலர் வந்தாலும், அது தானாக நடந்து வந்து லயத்து வாசலில் நிற்காது. அது சம்பளமாக வர வேண்டும். சம்பளம் பேசித்தான் வரும். பேசுவதற்குக் கணக்குத் தெரிய வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் கூட்டத்துக்கு வந்தால் மாலை போடுவதோடு நிறுத்தாதீர்கள். "ஏலத்தில் நம்ம தோட்டத்து மார்க் என்ன விலை போகுது? அதில எங்களுக்கு என்ன பங்கு?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இந்தியாவோடு எட்கா என்ற பொருளாதார, தொழில்நுட்ப ஒப்பந்தம் பற்றிப் பல வருடமாகப் பேச்சுவார்த்தை நடந்து வருகிறது. அதற்கு முன்பு செபா என்று ஒன்று 2008 இல் கையெழுத்தாகும் என்றார்கள், ஆகவில்லை. அப்படிப்பட்ட பேச்சில் தோட்ட மக்களுக்காக யார் என்ன கேட்டார்கள் என்று நம் பாராளுமன்ற உறுப்பினரிடம் கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

கடைசியாக, வீட்டளவில் செய்யக்கூடிய நான்கு காரியம்.

ஒன்று. வாக்குறுதிக் காசு கொடுக்காதீர்கள். "எட்கா வரப்போகுது, இந்தியாவில வேலை, ரெண்டு இலட்சம் கட்டுங்க" என்று யாராவது லயத்துக்கு வந்தால் பணத்தைக் கொடுக்கும் முன் என் ஒபிசுக்கு வாருங்கள். வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று சேர்ந்து விசாரிக்கலாம்.

இரண்டு. மிளகு வரக்கூடிய உயரத்தில் இருப்பவர்கள், துரையிடம் அனுமதி எடுத்து, வீட்டுப் பக்கத்தில் நான்கு கொடியாவது போடுங்கள். தார்றோட்டிலும் சாணி மெழுகின தரையிலும் காய வைக்காதீர்கள், பாயில் காய வைத்துத் தூசி புடைத்து விற்றால்தான் விலை. மேல்நாட்டில் இருப்பவர்கள் மரக்கறிப் பாத்தி போடலாம். கறிக்கு வாங்குவது குறைந்தாலே அது வருமானம்.

மூன்று. வெங்காயம், மிளகாய் விலை இறங்கிற மாதத்தில் இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பங்கிடுங்கள். செத்தல் மிளகாய் நன்றாகக் காய்ந்திருந்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

நான்கு. பிள்ளைகளின் படிப்பு. துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் முதலீடு வருகிறது. அங்கே கூடை சுமக்க ஆள் தேடவில்லை. கணினி தெரிந்தவர், மின்சார வேலை தெரிந்தவர், கணக்கு எழுதத் தெரிந்தவர், மூன்று மொழி பேசத் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். தமிழ் நமக்குத் தெரியும். இந்தியாவோடு வியாபாரம் செய்ய அது ஒரு பலம். அதோடு சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்தால் அந்த வேலையில் நம் பிள்ளையும் உட்காரலாம்.

என் பேச்சை முடிக்கிறேன். இந்திய ஒப்பந்தம் நம்மை அழிக்க வந்த பூதமும் இல்லை, காக்க வந்த சாமியும் இல்லை. அது ஒரு கணக்குப் புத்தகம். அதில் தேயிலைக்கு ஒரு பக்கம், மிளகுக்கு ஒரு பக்கம், வெங்காயத்துக்கு ஒரு பக்கம் இருக்கிறது. நம்ம பக்கத்தை நாமே வாசிக்கக் கற்றுக்கொண்டால் யாரும் நம்மைப் பயமுறுத்தவும் முடியாது, ஆசை காட்டி ஏமாற்றவும் முடியாது.

கேள்வி இருப்பவர்கள் தயங்காமல் எழும்பிக் கேளுங்கள். பின்வரிசையில் இருக்கிற அக்காமார்தான் முதலில் கேட்க வேண்டும்.